வாகைகுளம் வரை

வாகைகுளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்ட பிறகு, நண்பர் ஒருவரை வழியனுப்ப அங்கே போயிருந்தேன். 1350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். நண்பர் அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கோ அந்தப் பழைய 1350 மீட்டரின் மேல் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. என் வாழ்வின் முதல் விமானப் பயணம் அதில் இறங்க முடியாமல் போன பயணம்.

2019 ஐப்பசி. ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தேன். கூட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். பெரியப்பா காலமாகிவிட்டார்.

என் தகப்பனார் நான் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோனார். வளர்த்தவர் பெரியப்பா. தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வாரம் முழுவதும் அளத்திலேயே தங்குவார். சனிக்கிழமை இரவு சைக்கிளில் பாஞ்சாலங்குறிச்சி வருவார். மழை தொடங்கினால் உப்பளம் ஓய்ந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதங்களும் அவர் வீட்டில் இருப்பார், எங்களுக்குக் கதை கிடைக்கும். வருமானம் இராத அந்த மாதங்களில்தான் என் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கும். அளத்து முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டுவார். நான் தமிழ் முதுகலை முடித்தது அந்த முன்பணத்தில்தான்.

"மழை வாற மாதிரி இருக்குண்ணே. நாலு மணிக்குள்ள எடுத்துரணும்னு பெரியவுக சொல்லுதாக. வந்துருவீகளா?" என்றான் தம்பி.

சென்னையிலிருந்து ஊர் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அந்த நேரத்திலேயே வாடகைக் கார் ஒன்றைப் பிடித்திருந்தால் நாலு மணிவாக்கில் போய்ச் சேர்ந்திருக்கலாம். இந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை. பிறகு பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். விமானம் ஒன்றரை மணி நேரம் என்றார்கள். 12.20க்குக் கிளம்பினால் 2 மணிக்கு வாகைகுளம், 3 மணிக்கு வீடு. விடுதிக்காரப் பையன் தன் கைப்பேசியிலேயே பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தான். பதினோராயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். நம்மிடம் குடும்பப் பெயர் கேட்கும் அந்தக் கட்டத்தில் தகப்பனார் பெயரைப் போட்டுவிட்டான். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இடறல் பாதுகாப்புச் சோதனையில். முந்தைய நாள் மாலை பாரிமுனையில் பெரியப்பாவுக்காக ஒரு பாக்குவெட்டி வாங்கியிருந்தேன். பல் போன பிறகும் பாக்கை நறுக்கி, சிற்றுரலில் இடித்துப் போட்டுக்கொள்கிறவர் அவர். பழைய பாக்குவெட்டி முனை மழுங்கிவிட்டது என்று தீபாவளிக்குப் போனபோது சொல்லியிருந்தார். அது பையில் இருப்பதே காலையில் எனக்கு நினைவில் இல்லை. திரையில் பார்த்துவிட்டார்கள். வெளியே எடுத்த இளைஞர் வடநாட்டவர். அது என்ன கருவி என்று அவருக்குப் பிடிபடவில்லை. விரலை நடுவில் வைத்து நறுக்குவதுபோல நான் காட்டியது நிலைமையை மோசமாக்கியது. திரும்பிப் போய்ப் பையைச் சரக்கோடு அனுப்பலாம், அல்லது இதை இங்கேயே விட்டுவிடலாம் என்றார். இனி யாருக்கு அது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. விட்டுவிட்டேன். கத்தரிக்கோல்களும் நகவெட்டிகளும் கிடந்த தொட்டியில் அது விழுந்த ஓசை சற்றுப் பெரிதாகவே கேட்டது.

அதன்பின் நுழைவாயில் படலம். முதலில் ஒரு வாயில் எண் சொன்னார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் வேறு எண். அங்கே போனால், தாமதம் ஒரு மணி நேரம் என்று பலகையில் எழுத்து மாறியது. பிறகு கீழ்த்தளத்துக்கு வரச் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் இந்த இடத்தில் ஜாக்சன் துரை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1798இல் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரச் சொல்லி ஓலை அனுப்பிவிட்டு, கலெக்டர் ஜாக்சன் குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சுற்றுப்பயணம் போனான். கட்டபொம்மன் போன இடத்திலெல்லாம் பேட்டி மறுக்கப்பட்டது. 23 நாட்கள், 400 மைல் அலைந்த பிறகு செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தான். பெரியப்பா இதை ஊர் ஊராக விரல் மடக்கிச் சொல்வார். ஆனால் 400 மைலை அவர் பொருட்படுத்தியதே இல்லை. "நடக்கது ஒண்ணுமில்லடா. உக்காரச் சொல்லாம நிக்க வச்சாம் பாரு" என்பார்.

இந்த நினைவில் ஆழ்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்கள். இறுதி அழைப்பு, உடனே வரவும் என்றார்கள். எவனோ அசட்டையாக உட்கார்ந்திருக்கிறான் என்று எரிச்சல்கூட வந்தது. நாலாவது முறைதான் உறைத்தது. அது என் தகப்பனாரின் பெயர். இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான மனிதரைத் தூத்துக்குடி விமானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் நின்றேன். பணிப்பெண் அந்தப் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விசிறி வைத்த சிறிய விமானம் அது. 2.10க்குத்தான் எழும்பியது. எனக்குப் பக்கத்தில் தூத்துக்குடியைச் சேர்ந்த இளைஞர், சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவர். பின் வரிசையில் திருச்செந்தூருக்கு முடியெடுக்கப் போகும் குடும்பம் ஒன்று. குழந்தை அழுதது, தூங்கியது, மறுபடி அழுதது. மூன்றரை மணிக்கு மேல் மேகம் ஓரிடத்தில் விலகி, கீழே உப்பளப் பாத்திகள் தெரிந்தன. வெள்ளையாக இல்லை. மழைநீர் கட்டி, ஈயத் தகடு பதித்ததுபோலக் கிடந்தன. எந்தப் பாத்தி பெரியப்பா கணக்கெழுதிய அளத்தைச் சேர்ந்தது என்று தேடினேன். அதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

விமானம் இறங்கியது, சட்டென்று மறுபடி ஏறியது. வயிறு மேலே வந்து போனது. விமானி ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏதோ சொன்னார். இரண்டும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. கப்பல்கார இளைஞர்தான் விளக்கினார்: மழை, பக்கவாட்டுக் காற்று, ஓடுதளமும் குட்டை; சற்று ஓயட்டும் என்று சுற்றுகிறார்கள். கடலில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்பதைப் போலத்தான் என்றார். மணி 3.50. பிறகு 4. பிறகு 4.10.

நல்வினை செய்து முடித்தவர்கள் ஓட்டுநர் இல்லாத ஊர்தியில் வானேறுவார்கள் என்னும் செய்தி புறநானூற்றின் 27ஆம் பாடலில் வருகிறது. பாடியவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். பாடப்பட்டவன் சோழன் நலங்கிள்ளி. ஆண்டுதோறும் நடத்துகிற பாடம். பண்டைத் தமிழர் விமானம் அறிந்திருந்தார்களா என்று ஆண்டுதோறும் ஒரு மாணவன் கேட்பான்; அது சாவைப் பற்றிய பாட்டு, தொழில்நுட்பத்தைப் பற்றியது அன்று என்று நானும் ஆண்டுதோறும் சொல்வேன். அன்று என் ஊர்தியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஏறிவிட்டோம், இறங்கத்தான் வழியில்லை.

4.20க்கு மதுரைக்குத் திருப்பினார்கள். அங்கே ஓடுதளம் இரண்டு கிலோமீட்டருக்கும் கூடுதல், சிக்கலின்றி இறங்கியது. கைப்பேசியை உயிர்ப்பித்ததும் தம்பியின் செய்தி ஒன்று இருந்தது: எடுத்தாச்சு.

பேருந்து ஏற்பாடு செய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காத்திருந்த நேரத்தில் பொட்டலத்தில் ரொட்டி கொடுத்தார்கள். சண்டை போடுகிறவர்கள் சண்டை போட்டார்கள். நான் போடவில்லை, இனி அவசரம் ஒன்றும் இல்லை. பேருந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாக எட்டயபுரத்தைக் கடந்தது. பெரியப்பா பேருந்தில் எட்டயபுரம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பாளையத்துக்காரர் கும்பினியோடு சேர்ந்துகொண்டதை அவர் ஏதோ போன மாதத்துப் பங்காளித் துரோகம்போலத்தான் பேசுவார். பாரதி பிறந்த ஊராயிற்றே என்று கல்லூரி நாட்களில் நான் வாதாடிய பிறகு, பாரதி மணிமண்டபம் இருக்கும் பக்கம் மட்டும் பார்ப்பது என்று சமரசம் செய்துகொண்டார்.

வாகைகுளத்தில்தான் எல்லோரையும் இறக்கிவிட வேண்டும் என்று ஓட்டுநருக்கு உத்தரவாம். குறுக்குச்சாலையில் இறங்கினால் எனக்கு ஊர் பக்கம். வாகைகுளம் போய் இரவில் திரும்பிவருவது பெரும்பாடு. காரணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஓரங்கட்டி நிறுத்தி, "மழைத்தண்ணி கெடக்கு, பாத்து எறங்குங்க சார்" என்றார். விமானம் நேரத்துக்கு வாகைகுளத்தில் இறங்கியிருந்தாலும், அங்கிருந்து வீட்டுக்கு வரும் தூரம் இதைவிடக் கூடுதல்தான் என்பது அப்போது வேண்டாத ஒரு கணக்காக மனத்தில் ஓடியது.

ஒன்பது மணிக்கு வீட்டு முற்றத்தில் நின்றேன். பந்தல் துணியில் மழைநீர் தேங்கித் தொங்கியது. மொட்டையடித்த தலையோடு தம்பி வந்தான். கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றவன், பிறகு கேட்டான்.

"அண்ணே, காட்டுல மண்ணு தள்ளுறப்ப ஒரு ஏரோப்பிளேன் மேகத்துக்குள்ள சுத்திச் சுத்திச் சத்தம் போட்டுக்கிட்டே கெடந்துச்சு. எல்லாரும் அண்ணாந்து பாத்தோம், ஒண்ணுந் தெரியல. அதுலயா இருந்தீக?"

ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ தலைக்கு ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.