வாத்தியாரய்யாவின் சிறு பெட்டி

நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு நாம் செய்த ஒரு காரியம், ஒரு முதியவரின் எழுத்தை மூன்றாண்டுகள் முடக்கிப் போட்டது. அவர் அதை நம்மிடம் சொல்லவே இல்லை. நாமாகக் கண்டறிந்த அன்று ஏற்பட்ட கூச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆதலால் அதை இங்கே எழுதி வைக்கிறோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையில் அதற்கும் அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறார் அவர். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் வாத்தியாரய்யா, நமக்கும் அப்படியே. நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், நம் நண்பர்.

2011ஆம் ஆண்டு அவருடைய மகன் ஒரு சிறு மடிக்கணினியை வாங்கிக் கொடுத்திருந்தார். நெட்புக் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட வகை. 2007இல் ஆசஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையோடு வெளியிட்ட ஈ பிசி என்ற கணினியோடு பரவத் தொடங்கிய இந்தச் சிறு பெட்டிகள் ஐந்தாறு ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்து, கைப்பலகைக் கணினிகள் வந்ததும் கடைகளிலிருந்து மறைந்துபோயின. எடையும் விலையும் குறைய வேண்டும் என்பதற்காக அவற்றில் குறுந்தகடு செருகும் பகுதியையே வைக்கவில்லை. வாத்தியாரய்யாவின் பெட்டிக்குத் திரை பத்து அங்குலம். நினைவகம் ஒரு ஜிபி. இயங்குதளம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். பின்னணிப் படத்தை மாற்றும் உரிமைகூட இல்லாத ஏழைப் பதிப்பு அது. "படம் மாத்தவா சாமி இத வாங்குனோம்?" என்று சிரிப்பார்.

அதில்தான் அவர் பத்தாண்டுகள் எழுதினார். சாமையும் தினையும் விதைக்கும் பருவம், கடுக்காய் பொறுக்கும் காலம், மலையில் வழங்கும் செடிகொடிகளின் பெயர்கள், கீழ்நாட்டார் அறியாத அளவைகள். மூன்று ஜாகீர்களின் பிடியிலிருந்த அம்மலையை 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை, மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த கதைகளை முதியவர்கள் சொல்லச் சொல்லக் குறித்து வைத்தவையும் உண்டு. சொன்னவர்களில் பலர் இன்று இல்லை.

2021இல் ஒருநாள் பேச்சுவாக்கில், "கொஞ்சம் மெதுவா ஓடுது சாமி" என்றார். நமக்கு அது போதுமாயிருந்தது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது என்று செய்தித்தாளில் படித்திருந்தோம். பழையது ஆபத்து என்ற எண்ணம் மனத்தில் ஊறியிருந்தது. அந்தப் பெட்டி இணையத்தைக் கண்ணாலும் கண்டதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு மலையிறங்கிக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் கொடுத்தோம். விண்டோஸ் 10 ஏற்றித் தந்தார்கள். நம் கைப்பணத்தைக் கொடுத்து, பெருமையோடு கொண்டுபோய் அவர் கையில் சேர்த்தோம். "ரொம்ப சந்தோசம் சாமி" என்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கேட்டபோதும் அதே விடைதான்.

2024 ஆடியில் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பெட்டி மேசைமேல் துண்டால் மூடப்பட்டிருந்தது. அதன்மேல் மூன்று கோடிட்ட நோட்டுப் புத்தகங்கள். புரட்டினோம். நடுங்கும் கையெழுத்தில் பக்கம் பக்கமாய் எழுதியிருந்தார்.

"பெட்டி என்ன ஆயிற்று, ஐயா?"

"அது எந்திரிக்கறதுக்குள்ள நான் தூங்கிடறேன் சாமி."

பொத்தானை அழுத்திப் பார்த்தோம். மிகையில்லை, அன்பர்களே: அது கண்விழித்துப் பணிக்குத் தயாராவதற்குள் ஒரு முழு ஜெபமாலையைச் சொல்லி முடித்திருக்கலாம். அவர் கோப்பு ஒன்றைத் திறந்தோம். தமிழே இல்லை. வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

அழிந்துவிட்டதோ என்று நமக்கு வியர்த்தது. அழியவில்லை. யூனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. அவர் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள் மட்டுமே. எழுத்துரு இருக்கும்வரை அவை அம்மா. அதை நீக்கிவிட்டால் பொருளற்ற ஐந்து குறிகள். கடையில் கோப்புகளைக் காப்பாற்றியிருந்தார்கள், எழுத்துருவை விட்டுவிட்டார்கள். அவர் பழகியிருந்த தட்டச்சு மென்பொருளும் புதிய இயங்குதளத்தில் ஓட மறுத்தது. இவ்வளவையும் மூன்றாண்டுகள் அறிந்திருந்தும், நாம் மனம் வருந்துவோமே என்று அவர் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஓர் இளைஞனை அழைத்துச் சென்றோம். அதே மலையில் பிறந்தவன்; கள்ளக்குறிச்சியில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளிப் பருவத்தில் பெற்ற கணினியை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பவன். பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போகிறேன் என்றுதான் அவன் முதலில் சொன்னான். வாத்தியாரய்யாவின் முகம் மாறியதைக் கண்டு, "வேணாம் ஃபாதர், இங்கயே பண்ணிடலாம்" என்றான்.

எழுத்துருவை ஏற்ற அவனுக்குச் சில நிமிடங்களே ஆயின. திரையில் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் பெட்டியின் தளர்ச்சி நீங்கவில்லை. விண்டோஸ் 10இன் சிறிய பதிப்புக்கு ஒரு ஜிபி நினைவகம் போதும் என்பது காகிதத்தில் உண்மை. நடப்பில், அது நாம் கேளாத வேலைகளையும் பின்னால் செய்துகொண்டே இருக்கிறது. ஒரு நோட்டு மட்டும் விரிக்க இடமுள்ள மேசையில் நான்கை விரித்தால், ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டியிருக்குமல்லவா? சுழலும் வன்தட்டைத் தரையாகக் கொண்டு அந்தக் கணினி அதைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருந்தது. பழைய இயங்குதளத்துக்கே திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

லினக்ஸ் ஏற்றலாம் என்று தம்பி ஒருமுறை சொன்னான். இணையத்தோடு பழகும் கணினியாயிருந்தால் நாமும் அதையே சொல்லியிருப்போம். காவல் நின்றுபோன இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது மதியீனம். ஆனால் எழுபதைக் கடந்தவரின் விரல்களுக்குப் புதிய வழக்கத்தைக் கற்பிப்பதா? ஒருமுறை அப்படிச் செய்து பட்டது போதும்.

திரும்பும் வழி அடைபட்டிருந்தது. குறுந்தகடு இல்லாத இத்தகைய பெட்டிகளில், செய்தவர்களே வன்தட்டின் மறைவான பகுதி ஒன்றில் முதல் இயங்குதளத்தின் பிரதியை வைத்து அனுப்புவது வழக்கம். நோய்க்கு மருந்தை நோயாளியின் வயிற்றிலேயே வைத்துத் தைத்ததைப் போல. கடையில் அந்தப் பகுதியையும் சேர்த்து அழித்துவிட்டிருந்தார்கள். ஆகவே பென் டிரைவ் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். தம்பியிடம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரின் பிரதி இருந்தது. திருட்டுச் சரக்கோ என்று கேட்டோம். அவன் பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த உரிமச் சீட்டைக் காட்டினான்.

முதற்காரியமாக எல்லாக் கோப்புகளையும் இரண்டு தனித்தனிப் பென் டிரைவுகளில் பிரதி எடுத்தோம். ஒன்று வாத்தியாரய்யாவின் சட்டைப் பையில்; மற்றொன்று நம் அங்கிப் பையில். அதற்குப் பிறகே வேலை தொடங்கிற்று.

முதல் முயற்சியில் கருந்திரையில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டிக்கொண்டே நின்றது. தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்தான். பழைய கணினி விழித்ததும் பென் டிரைவின் தொடக்கத்திலுள்ள 512 பைட் இடத்தில் தனக்கான கட்டளையைத் தேடும். புதிய கணினிகள் வேறு முறையில், வேறு இடத்தில் தேடுபவை. புதியவற்றுக்கு உரிய முறையில் அவன் அதைத் தயாரித்துவிட்டான். தன் அரசு மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து, ரூஃபஸ் என்ற சிறு செயலியைக் கொண்டு பழைய முறையில் மறுபடி எழுதினான். இம்முறை பெட்டி ஏற்றுக்கொண்டது.

எந்தப் பகுதியில் நிறுவுவது என்று திரை கேட்டது. அங்கே சி, டி என்ற பழகிய எழுத்துகள் இல்லை, எண்களும் அளவுகளும்தாம். தவறான வரியைத் தொட்டால் பத்தாண்டு எழுத்தும் போய்விடும். பிரதிகள் பையில் கிடந்தும், நம் கை தன்னையறியாமல் அந்தப் பையைத் தடவிக்கொண்டது. வாத்தியாரய்யா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அளவுகளை உரக்க வாசித்தார். "பெரிசு என்னுது. சின்னதுல போடுப்பா."

கோப்புகள் விரியத் தொடங்கின. விழுக்காடு அறுபதைத் தாண்டியபோது மின்சாரம் நின்றது. பெட்டியின் மின்கலம் எப்போதோ செத்துவிட்டதால் திரையும் கூடவே இருண்டது. மூவரும் பேசாமல் இருந்தோம். வெளியே சாரல். வாத்தியாரய்யாவின் துணைவியார் அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான், அவர் நோட்டில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். கோப்புகளில் இல்லாத பெயர்கள் அவற்றில் இருந்தன.

"ஏன் ஐயா என்னிடம் சொல்லவில்லை?" என்றோம்.

"நீங்க ஆசையா செஞ்சது சாமி. அதுல எப்படிக் குத்தம் சொல்றது?"

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

மின்சாரம் வந்ததும் எல்லாம் முதலிலிருந்து. இறுதியில் உரிம எண் கேட்டது; இருபத்தைந்து எழுத்துகள். அடிச்சீட்டு தேய்ந்து போயிருந்தது. ஓரிடத்தில் பி என்ற ஆங்கில எழுத்தா, எட்டா என்று தெரியவில்லை. பி என்று இட்டோம், ஏற்க மறுத்தது. எட்டு என்றதும் ஏற்றுக்கொண்டது. உரிமத்தை உறுதி செய்ய ஒரே ஒருமுறை தம்பியின் கைபேசி வழியாக இணையத்தோடு இணைத்து, உடனே துண்டித்தோம். அந்த எண்ணைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி, நோட்டின் உள்ளட்டையில் ஒட்டினார் வாத்தியாரய்யா. எழுத்துருவும் தட்டச்சு மென்பொருளும் திரும்ப ஏறின. பொத்தானை அழுத்தினால் இப்போது இரண்டு மங்கள வார்த்தை ஜெபங்களுக்குள் பெட்டி விழித்துக்கொள்கிறது.

நாம் புதியது என்று ஏற்றிவித்தோமே, அந்த விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. செய்தியைப் படித்தபோது தனியே சிரித்துக்கொண்டோம்.

அன்று மாலை புறப்படுமுன், மூன்று நோட்டுகளையும் தானே தட்டச்சு செய்து தருவதாகத் தம்பி சொன்னான். வாத்தியாரய்யா அவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்பா, நானே அடிச்சிக்கறேன்" என்றவர், நம்மைப் பார்த்து, "சாமி, கிழங்கு சாப்பிட எப்ப வேணா வாங்க. பொட்டிய மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க" என்றார்.