முன்பின் அறியாத பத்தி

தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு ஆசிரியத் தொழில் உரியதன்று. நாம் பயின்றது ஆங்கிலப் பள்ளி. தமிழோ வீட்டில் தந்தையார் கற்பித்தது. ஆயினும் பெற்றோர் சிலர் வேண்டியதற்கிணங்கி, வாரத்தில் இரண்டு மாலை தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் கற்பித்து வருகிறோம்.

முதல் நாளே ஒன்று விளங்கிற்று. பாடநூலிலுள்ள பத்தியைக் கொடுத்தால் பிள்ளைகள் மளமளவென்று விடை எழுதுவர். முன்பின் பார்த்திராத பத்தியைக் கொடுத்தாலோ எழுதுகோல் அசையாது. "இது ஆசிரியை நடத்தாத பாடம், ஐயா" என்றாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போயிற்று, அது வளர்த்த அச்சம் போகவில்லை.

அச்சத்தின் காரணம் யாது? பொருள் என்பது ஆசிரியரிடமோ வழிகாட்டி நூலிலோ மட்டும் இருப்பதாகப் பிள்ளைகளை நாம் பழக்கிவிட்டோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்பார், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, மாணவரைக் கருத்தெழுதச் சொன்னார். கற்றவர்களே தடுமாறியதை 1929இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். அங்கேயே அப்படியென்றால் நம் லயத்துப் பிள்ளைகள் வெட்கப்பட யாதொன்றுமில்லை.

வழியும் நம்மிடமே உண்டு. காண்டிகை உரைக்குக் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என ஐந்து உறுப்புகளைச் சொல்கிறது பவணந்தியாரின் நன்னூல். அதையே படிக்கட்டாகக் கொண்டோம். முதலில் நிறுத்தாமல் முழுதும் படித்து, ஒரே வாக்கியத்தில் கருத்தைச் சொல்லவேண்டும். அருஞ்சொல்லுக்கு அகராதியை நாடுமுன் அண்டை வீட்டுச் சொற்களை விசாரிக்கவேண்டும். சொல்லும் கருத்துக்குப் பத்தியிலிருந்தே சான்று காட்டவேண்டும். பின்னர், பேசுவது யார், யாருக்கு, சொல்லாமல் விட்டது யாது என்று தாமே வினவவேண்டும். விடை எழுதுவது கடைசியில்தான்.

"முனியன் வானத்தைப் பார்த்தான்; பால்வெட்டும் கத்தியை மறுபடி ஆணியில் மாட்டினான்" என்று கரும்பலகையில் எழுதினோம். ஒரு நிமிடம் மௌனம். பின்பு ஒரு சிறுவன், "மழை, ஐயா. இன்றைக்குக் கூலி இல்லை" என்றான். மழை என்ற சொல்லும் கூலி என்ற சொல்லும் அங்கே இல்லை. அவற்றைக் கண்டது அவன் அறிவே. அன்றுமுதல் எழுதுகோல்கள் அசையலாயின.

சென்ற திங்கள் அம்மாணவியின் தந்தை மலாய்மொழித் தாளொன்றுடன் நம்மிடம் வந்தார். ஓய்வு பெறுவோர் வீட்டை ஒப்படைக்கச் சம்மதிக்கும் தாள் அது. இத்தகைய தாள்களுக்கு, "ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுங்கள்" என்றே நாம் பல ஆண்டுகள் சொல்லிவந்தோம். அதை மறைக்க விரும்பவில்லை. உடன் வந்த மகள் தாளை வாங்கி இருமுறை படித்தாள். "வீட்டை எந்தத் தேதியில் விடவேண்டும் என்று இருக்கிறது. அப்பாவுக்குப் பணம் எந்தத் தேதியில் வரும் என்று இல்லையே, ஐயா?"

நாமே தட்டச்சு செய்த தாள் அது. அந்த விடுபாடு அதுவரை நம் கண்ணில் பட்டதில்லை. அல்லது, பார்க்க நாம் விரும்பியதில்லை. அவர் கையெழுத்திடவில்லை. மகளின் கேள்வியை எழுதியே நிர்வாகத்திடம் கொடுத்தார். விடை இன்னும் வரவில்லை. தாளும் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

பெற்றோர்களே! வீட்டுக்கு வரும் தாள் எதுவாயினும், மின்கட்டணச் சீட்டாயினும் மருந்துப் புட்டியின் குறிப்பாயினும், பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாது என்றால் வையாதீர்கள். இன்னொருமுறை படிக்கச் சொல்லுங்கள்.