14ஆம் நாள்

சமையலறைக் காலண்டரில் மாதாமாதம் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பால் கணக்கு என்று அத்தை நினைத்திருந்தார். அது நான் தூரமான முதல் நாள். அதிலிருந்து 14 எண்ணி இன்னொரு புள்ளி. கல்யாணமான இரண்டு வருஷமாக என் நம்பிக்கையெல்லாம் அந்த இரண்டாவது புள்ளியில்தான் இருந்தது.

அவருக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. சனிக்கிழமை ராத்திரி 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேட்டுக்கு வருவார். திங்கள் விடியும்போது இறங்கிவிடுவார். 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் எனக்குத் திருவிழா. 29ஆம் நாள் ஆனதும் “நாள் தள்ளியிருக்கு” என்று மனசு குதிக்கும். 35ஆம் நாள் அடிவயிறு வலிக்கும். “இந்த மாசமும் குளிச்சுட்டியா?” என்பார் அத்தை. கேள்வியில் குத்தல் இருக்காது, வருத்தம்தான் இருக்கும். அதைத்தான் தாங்க முடியாது.

எனக்கு எப்போதுமே 35 நாளுக்கு ஒருமுறைதான். அதையும் இந்த 14ஐயும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு, என்னோடு படித்து நர்ஸான தோழி மலைக்கு வந்திருந்தாள். “முன்னாலேர்ந்து எண்ணாதடி, பின்னாலேர்ந்து எண்ணு” என்றாள். கருமுட்டை வெளிவருவது அடுத்த தீட்டுக்குச் சுமார் 14 நாள் முன்னால். 1920களில் ஜப்பானில் ஒகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் தனித்தனியே கண்டறிந்தது இது. 28 நாள்காரிக்கு எப்படி எண்ணினாலும் ஒன்றுதான். எனக்கு அது 21ஆம் நாள் வாக்கில். பூப்புக்குப் பின் 12 நாள் கணவன் பிரிந்திருக்கக் கூடாது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். என் உடம்பு அந்தக் கணக்குக்கும் வெளியே நின்றது.

முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். 1995இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் குழு 221 பெண்களிடம் பார்த்தபோது, கரு தங்கியதெல்லாம் முட்டை வெளிவந்த நாளோடு முடியும் ஆறு நாள்களுக்குள்தான். மறுநாள் என்றாலே தாமதம்.

“காலையில தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கலாம்னாங்களே?” என்றேன். கம்பளியை விட்டு எழும்முன் பார்த்தால் அரை டிகிரி செல்சியஸுக்குள் ஓர் ஏற்றம் தெரியும். ஆனால் முட்டை வந்த பிறகுதான் சூடு ஏறும். “அது பஸ் போனப்புறம் டைம் சொல்ற ஆளு. முன்னாடியே சொல்றது வேற. முட்டை வெள்ளைக்கரு மாதிரி, விரல்ல எடுத்தா நூலா இழுபடும், வாடை இருக்காது. உனக்கு வருமா?”

எனக்குத் தொண்டை அடைத்தது. வரும். வயசுக்கு வந்ததிலிருந்து வருகிறது. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகிவிடும் என்று அம்மா பயந்து, ஊற வைத்த வெந்தயம் கொடுத்தே வளர்த்தாள். வாடையோ அரிப்போ தயிர்த் திப்பி மாதிரியோ இருந்தால்தான் வைத்தியம் வேண்டும் என்றாள் தோழி. இது முட்டை முதிர்கிறது என்பதற்கு அடையாளம். உடம்பு மாதாமாதம் சொன்ன நல்ல செய்தியை நான் வியாதி என்று வெட்கப்பட்டுத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது, “ரெண்டு வருஷம் ஆச்சு. இதை மட்டும் நம்பி உக்காராத. அவரையும் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேரும் டெஸ்ட் எடுங்க” என்றாள்.

அடுத்த மாதம் 19ஆம் நாள் நூல் இழுபட்டது. புதன்கிழமை. பட்டறைக்கு போன் போட்டேன்.

“ஏங்க, இன்னைக்கு வர முடியுமா?”

“யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் இல்ல. எனக்கு நல்லா இருக்கு.”

கடைசி பஸ்ஸில் வந்தார். “என்னடா, புதன்கிழமை?” என்றார் அத்தை. “பட்டறையில கரண்ட் இல்லம்மா.”

அந்த மாதமும் 35ஆம் நாள் குளித்தேன். ஆனால் 29ஆம் நாள் மனசு குதிக்கவில்லை. அன்று ராத்திரி அவரிடம் டெஸ்ட் பற்றிச் சொன்னேன். முன்பு கேட்டபோது “எனக்கெதுக்கு?” என்றவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எந்தக் கிழமை போகணும்?” என்றார்.