உங்கள் பால் தந்த அவகாசம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கிக்கு நீங்கள் கொடுத்த பால், கொடுமுடியிலிருந்து போன என் மகளின் வயிற்றை நிறைத்தது. கொடுத்தவர் யார், குடித்த பிள்ளை எது என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்வதில்லை. அது ஒருவர் கொடுத்த பாலா, நாலைந்து பேருடையதா என்பதும் எனக்குத் தெரியாது. சில தாய்மார்களின் பாலை ஒன்றாகச் சேர்த்துப் பதப்படுத்துவது வங்கிகளில் வழக்கம்தான். நீங்கள் வயதில் என்னைவிடச் சின்னவராகவும் இருக்கலாம். ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கம் நல்லது செய்தவரை உறவு சொல்லிக் கூப்பிட்டால்தான் மனசு ஆறும். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

மகள் நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். எடை ஒன்றே கால் கிலோ. 108 வண்டியில் ஈரோடு வழியாகக் கோவைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். 34 வாரத்துக்கு முன்னால் பிறக்கும் பிள்ளைகளுக்குச் சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய வராது. மார்பில் போட்டுப் பசியாற்ற முடியாது. தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால், அதை மெல்லிய குழாய் வழியாக நர்சுகள் வயிற்றுக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இரண்டு மில்லி. அதுதான் அவளுக்கான அளவு. அந்த இரண்டு மில்லிகூட எனக்கு வரவில்லை.

ஆபரேஷன் தையல் இழுக்கும். கட்டிலோரம் உட்கார்ந்து, எவர்சில்வர் கிண்ணத்தை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு அழுத்துவேன். காம்பு கன்றிப் போகும். நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும், கிண்ணத்தில் விழாது. என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் கைப்பம்பு ஒன்று வாங்கி வந்தார். அதில் வலிதான் மிச்சம். கொஞ்ச நாளில் பால் கட்டிக்கொண்டு மார்பு இறுகிவிட்டது. உள்ளே இருக்கிறது, வெளியே வரவில்லை, காய்ச்சல் வேறு. அம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்தாள். முருங்கைக்கீரை, வெந்தயக் களி, கருவாட்டுக் குழம்பு என்று எதையும் விடவில்லை. பார்க்க வந்த சனமெல்லாம் முதலில் கேட்டது, “பால் வருதுங்களா?” என்றுதான். அப்புறம் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். “எங்க பக்கம் யாருக்கும் இப்படி ஆனதே இல்லீங்க” என்று ஒரு சொந்தக்காரர் சொன்னபோது அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் அக்கா, நீங்கள் வந்தீர்கள். “உங்களுக்குப் பால் வர்ற வரைக்கும் வங்கிப் பால் குடுக்கறோம், கையெழுத்துப் போடுங்க” என்று சிஸ்டர் ஒரு தாளை நீட்டினார். போட்டேன். உங்கள் பாலை ஊசிக் குழலில் எடுத்து, என் கண் முன்னால் அவளுக்குக் குழாயில் இறக்கினார். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன்.

எனக்கு நீங்கள் தந்தது அவகாசம். பிள்ளை பசியோடு கிடக்கிறாளே என்ற பதைப்பில் எந்தத் தாய்க்கும் பால் எளிதில் இளகாது. இதில் மந்திரம் எதுவும் இல்லை, உடம்பின் கணக்கு அப்படி. பாலை உண்டாக்குவது புரோலாக்டின் என்ற சுரப்பு. உண்டான பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். பயமும் வலியும் இந்த இரண்டாவதைத்தான் மறித்துவிடும். ‘பால் ஊறலை’ என்று சனம் சொல்கிற பல வீடுகளில் பால் ஊறித்தான் இருக்கிறது, இறங்கத்தான் இல்லை. பூண்டும் கருவாடும் பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடுதான். மறித்து நிற்கிற பயத்தை அவை நீக்காது. உங்கள் பால் நீக்கியது.

அதன்பிறகுதான் கற்றுக்கொள்ள எனக்கு மனசு ஓடியது. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்கார சிஸ்டர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். “ஏங்கண்ணு, உங்க ஊட்ல மாடு இருக்குதல்ல? கன்னுக்குட்டிய விட்டுச் சொரப்பு உட்டப்புறந்தானே கறப்பீங்க? எடுத்த எடுப்புல மடிய இழுத்தா மாடு ஒதைக்காதா?” என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலமெல்லாம் மாடு கறந்த கை அம்மாவுடையது.

முதலில் வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம். அப்புறம் மார்பை மெல்ல வட்டமாகத் தேய்ப்பது. நான் முன்னால் குனிந்து தலையணையில் சாய்ந்துகொள்ள, அம்மா என் முதுகுத்தண்டின் இருபுறமும் இரண்டு கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திவிடுவாள். ஆக்சிடோசினைத் தூண்டுகிற முறை அது. மகளைப் போர்த்திய துணியைக் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் கை வேலை. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டரை மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கருவட்டத்தின் விளிம்பில். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்த வேண்டும். பிறகு விரல்களைச் சேர்த்துப் பிடித்து விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. நான் அத்தனை நாளும் காம்பைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். வேறு விதமாகச் செய்யலாம் என்று யாரும் காட்டவில்லை. ஒரு இடத்தில் வேகம் குறைந்தால் விரலைச் சுற்றி நகர்த்திக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி, மொத்தம் அரை மணி. ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையக் கூடாது. ராத்திரியில் ஒரு தடவையாவது கட்டாயம், ஏனென்றால் புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம் சுரக்கும்.

இத்தனையும் கையாலேயே ஆகிற காரியம். கரண்டு வேண்டாம், காசு வேண்டாம். பிரசவமான முதல் ஆறு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கிவிட்டால் நாள் குறைந்து பிறந்த பிள்ளையின் தாய்க்குப் பின்னால் பால் போதுமான அளவு வர வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். முதலில் வருகிற சீம்பால் சொட்டுக் கணக்கில்தான் வரும், அது பிசினாக இருக்கும், பம்புக்கு மசியாது, கைக்குத்தான் மசியும். அந்தச் சொட்டையும் வீணாக்காமல் பிள்ளையின் கன்னத்து உள்பக்கம் தடவிவிடலாம். எனக்குப் பிரசவமான இடத்தில் யாராவது இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களிடம் கடன்பட்டிருக்க மாட்டேன். அப்படிக் கடன்பட்டதில் எனக்கு இப்போது வருத்தமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்கிப் பால் என்றதும் எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர், “யாரூட்டுப் பாலு, என்ன சாதின்னு கேட்டீங்களா?” என்றார். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த மண் இது. அவருக்கு என் அம்மா பதில் சொன்னாள்: “எம் பேத்தி உசுரோட இருக்கறதுக்கு எந்தச் சாதிக்காரி காரணமோ, அவ எங்களுக்குச் சொந்தம். நீங்க காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.” இதைவிடச் சரியான வார்த்தையை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. வழக்கமாக ஒரே பாத்திரத்தில் பல தாய்மார்களின் பால் கலந்து, 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் முப்பது நிமிடம் இருந்து, உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரியில் காத்திருந்து வருகிறது அது. அதில் எது யாருடையது என்று பிரிக்க எந்தப் பெரியவராலும் முடியாது. அக்கா, நீங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தீர்கள் என்று தெரியாமலே என் மகள் வளர்ந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி பால் கொடுப்பது நம் ஊர்களுக்குப் புதிதும் இல்லை. எங்கள் அம்மாயி காலத்தில் தாய்க்குக் காய்ச்சல் கண்டால் பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். இன்றைக்கு நோய்த்தொற்றுப் பயம் இருப்பதால் நேரடியாக அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறார்கள். அந்த இடத்தில் வங்கி நிற்கிறது. கொடுப்பவருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, மேகநோய்ச் சோதனைகள் செய்த பிறகே பாலை வாங்குகிறார்கள். உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-ல் வியன்னாவில் வந்தது. ஆசியாவில் முதலாவதை 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். நாள் குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு மாட்டுப்பாலில் செய்த பவுடர் பாலைக் கொடுத்தால் குடல் அழுகும் நோய் வர வாய்ப்புக் கூடுகிறது. தாய்ப்பால் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. அதனால்தான் சொந்தத் தாயின் பால் இல்லாதபோது அடுத்ததாக இன்னொரு தாயின் பாலைக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம் என்று அரசு மருத்துவமனைகளில் இந்த வங்கிகள் இருக்கின்றன. தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று 2024-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் எச்சரித்திருக்கிறது. உங்கள் பாலுக்கு ஒரு ரூபாய்கூட உங்களுக்குக் கிடைத்திருக்காது.

செய்தித்தாள்களில் பெரிய அளவுகள் வருகின்றன. கோவைப் பக்கத்துத் தாய் ஒருவர் ஏழு மாதத்தில் 42 லிட்டர் கொடுத்து 2022-ல் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். திருச்சி காட்டூர்த் தாய் ஒருவர் இருபத்திரண்டு மாதத்தில் 300 லிட்டர் கொடுத்தார் என்று 2025-ல் படித்தேன். அவர்களை வணங்குகிறேன். ஆனால் பீய்ச்சத் தெரிந்தபிறகு எனக்கு ஒன்று புரிந்தது: 30 மில்லி சேர்ப்பதற்கே கை கடுக்கும். நீங்கள் கைப்பிள்ளைக்காரி. உங்கள் பிள்ளைக்குக் கொடுத்து, தூக்கத்தில் பாதியை இழந்து, மிச்ச நேரத்தில் முகம் தெரியாத பிள்ளைக்காக உட்கார்ந்து பீய்ச்சியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரே ஒரு தடவை ஐம்பது மில்லி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவராகவும் இருக்கலாம். இரண்டு மில்லி குடிக்கிற பிள்ளைக்கு அது ஒரு நாளைக்கும் மேலான சாப்பாடு.

சிஸ்டர் காட்டிய முறையில் எனக்கும் முதலில் கிண்ணத்தின் அடி நனைந்தது, பிறகு கால் கிண்ணம், பிறகு மகளுக்கு வேண்டிய முழு அளவு. அவளை நெஞ்சோடு தோல் ஒட்ட அணைத்துக் கட்டிக்கொண்டு உட்காரும் முறையில் பால் இன்னும் கூடியது. குழாயை எடுத்தபிறகு பாலாடையில் குடித்தாள், கடைசியில் மார்புக்கு வந்தாள். ஊர் திரும்பிய வருஷம் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிப் படித்துறையில் எல்லோரும் தங்கள் குடும்பத்துக்காகக் கும்பிட்டபோது, நான் உங்களையும் உங்கள் பிள்ளையையும் சேர்த்துக் கும்பிட்டேன். எங்கள் ஊர் மகுடேசுவரர் கோயிலில் உங்களுக்கான அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் கேட்டார்கள். சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்கா, இந்த மடலை உங்களைத் தவிர மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களிடமும் பேசிவிடுகிறேன்.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-ல் வந்தன. நல்ல காரியம். அதுபோல, பிரசவம் நடக்கிற ஒவ்வொரு இடத்திலும், கொடுமுடி மாதிரி சின்ன ஊர் என்றாலும், தாய் வீடு திரும்பும் முன் கையால் பீய்ச்சும் முறையை ஒரு தடவையாவது செய்து காட்டி அனுப்ப வேண்டும். அரை மணி நேரம் போதும். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிற சொந்தக்காரர்கள், “பால் வருதா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். கிண்ணத்தைக் கழுவிக் கொடுங்கள், முதுகை நீவிவிடுங்கள். எத்தனை முயன்றும் வராத தாய் இருப்பாள், பவுடர் பால் கொடுக்க நேர்ந்த தாய் இருப்பாள். அவளை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

கைப்பிள்ளைக்காரிகளே, உங்கள் பிள்ளை குடித்தபிறகும் பால் மிஞ்சுகிறதா? பக்கத்தில் தாய்ப்பால் வங்கி உள்ள அரசு மருத்துவமனை எது என்று கேளுங்கள். ரத்தச் சோதனை செய்வார்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மில்லிக்காக ஒரு பிள்ளை இருக்கும். அதன் தாய்க்குக் கற்றுக்கொள்ள இன்னும் நாலு நாள் வேண்டும்.


கொடுமுடியிலிருந்து உங்கள் தங்கை