கரண்ட் வந்த பிறகு

ஏப்ரல் 22

கண்டியில் ஜெனரேட்டருக்கும் ஒரு பருவம் உண்டு. தை கழிந்து மழை ஓய்ந்ததும் மகாவலி மெலிகிறது. விக்டோரியாவிலும் கொத்மலையிலும் நீர்மட்டம் இறங்குகிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்த இரண்டு நிலையங்களும் சேர்ந்து 400 மெகாவாட்டுக்கு மேல் தரக்கூடியவை; தண்ணீர் இல்லாதபோது அந்தக் கணக்கு ஏட்டோடு சரி. 2022 மார்ச் கடைசியில் நீரும் குறைந்து, எரிபொருள் வாங்க டொலரும் இல்லாமல் போனபோது, நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டது. அந்த நாட்களில் அவசரமாக வாங்கிய சிறிய பெற்றோல் ஜெனரேட்டர்கள் கட்டுகஸ்தோட்டைக் கடைகளின் பின்னறையிலும் பேராதனை வீடுகளின் மாடிப்படிக்குக் கீழும் இன்னும் கிடக்கின்றன. இப்போது கயிற்றை இழுத்தால் பல கிளம்புவதில்லை. ஓடித் தேய்ந்து கெட்டவை அல்ல அவை, கிடந்து கெட்டவை. இத்தகைய இயந்திரத்துக்கு ஆண்டில் செய்யும் பராமரிப்பிலேயே முக்கியமானது, அதை ஓய்வுக்கு அனுப்பும் நாளில் செய்யும் பராமரிப்புத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

சான்று கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கிறது. பெற்றோல் ஒரே பொருள் அல்ல, பல பொருள்களின் கலவை. அதில் இலேசானவை முதலில் ஆவியாகிப் போகின்றன. எஞ்சியது காற்றோடு சேர்ந்து மெல்லப் பிசினாகிறது. மிதவைக் கிண்ணத்தில் சில மாதம் தேங்கிய பெற்றோலைத் திறந்து பார்த்தால் தேன்நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். அந்தக் கிண்ணத்துக்கு மேலே பித்தளையில் துளைத்த ஜெட் இருக்கிறது. அதன் துளை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. படலம் அதை அடைத்துவிட்டால், வேறெதிலும் பழுதே இல்லாத எஞ்சின் ஊமையாகிவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் பாஸ் முதலில் கழற்றுவதும் அதைத்தான். இதைத் தவிர்க்க வேண்டிய வேலை மிகச் சிறியது: எஞ்சின் ஓடும்போதே பெற்றோல் டெப்பை மூடி, அது தானாக நிற்கும்வரை விட வேண்டும், ஆறியபின் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிப்பாணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடிக்க வேண்டும். டாங்கியையும் காலி செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏப்ரல் 23

டாங்கியைக் காலி செய்வது என்றதும் எழும் மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற ஊர் இது. பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அதைக் கண்டவர்கள் நிரம்பிய டாங்கியைச் சேமிப்பாகவே பார்க்கிறார்கள். அந்த அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் வடித்த பெற்றோல் வீணாவதில்லை. புதிதாக இருக்கும்போதே மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் அந்த வாரமே ஓடித் தீர்ந்துவிடும். டாங்கியில் விட்டு வைத்ததுதான் ஐப்பசியில் திறக்கும்போது எதற்கும் உதவாமல் போகிறது. கேனில் ஊற்றி வீட்டுக்குள் வைப்பது சேமிப்பே அல்ல, தீயை வீட்டில் குடிவைப்பது.

இன்னொரு மறுப்பு தொழில் தெரிந்தவர்களிடமிருந்து வரும். காலியான இரும்பு டாங்கி உள்ளே துருப்பிடிக்கும், நிரப்பி வைப்பதே நல்லது என்பார்கள். இது பொய்யல்ல. கனடாவில் பனிவண்டிகளைக் கோடைக்குக் கட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் டாங்கியை நிரப்பி, பெற்றோல் கெடாதிருக்க ஒரு மருந்தும் கலந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் எண்ணெய்ப் புகை ஏற்றுகிறார்கள். கியூபெக்கின் வல்கூர் ஊரில் பொம்பார்டியே நிறுவனம் 1959இல் ஸ்கி-டூ பனிவண்டியைச் சந்தைக்கு விட்ட காலத்திலிருந்து அந்த வண்டிகளின் ஆண்டில் பெரும்பகுதி ஓய்வுதான். ஆனால் அங்கே பனி எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியும். ஓய்வுக்கு ஒரு தேதி இருக்கிறது. மருந்தும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே ஜெனரேட்டர் எத்தனை மாதம் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நான் வடிப்பதன் பக்கமே நிற்கிறேன். வடித்த டாங்கிக்குள் இரண்டு கரண்டி எஞ்சின் ஒயிலை விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி சாய்த்துச் சுழற்றி, மூடியை இறுக்கினால் துருவுக்கு அது போதும்.

மே 5

தென்மேல் பருவக்காற்று இன்னும் சில நாளில் வந்துவிடும். கண்டியில் இயந்திரத்தின் பகை குளிர் அல்ல, சுவரிலும் துணியிலும் ஊறும் ஈரம். ஓடி நின்ற எஞ்சினின் பழைய ஒயிலில் எரிந்த கழிவின் அமிலம் கலந்திருக்கும். அதோடு மாதக்கணக்கில் விட்டால் பேரிங்குகளை அரிக்கும். சூடு இருக்கும்போதே வடித்துப் புது ஒயில் ஊற்ற வேண்டும். சிறிய ஜெனரேட்டருக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும், அவ்வளவுதான். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு கரண்டி ஒயில் விட்டு, துளையை ஒரு துணியால் மூடிக்கொண்டு கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுக்க வேண்டும். பிளக்கைத் திரும்பப் பூட்டியபின் மீண்டும் மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் கயிறு கனக்கும். அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றன. வெளிக்காற்றின் ஈரம் சிலிண்டருக்குள் இறங்க வழியில்லை. ஒயிலைத் தவிரக் கடையில் வாங்க வேண்டிய எதுவும் இதில் இல்லை, கையின் கவனம் மட்டுமே வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பொலித்தீன் சுற்றி வைப்பதுதான் ஊர் வழக்கம். கூரை ஒழுகும் வீட்டில் அது நியாயமாகவும் படும். ஆனால் பொலித்தீன் மழையைத் தடுக்கும் அளவுக்கு உள்ளே இருக்கும் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. பலகை மேல் ஏற்றி, தடித்த துணியால் மூடுவதே மேல். சைலன்சர் வாயில் மட்டும் ஒரு துணிப்பந்து வேண்டும், குளவி அங்கே மண்கூடு கட்டும். எலி வயரைக் கடிக்கும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மே 12

‘இத்தனை பாடு எதற்கு, மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதாதா?’ என்பது மிகப் பரவலான கேள்வி. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சூடேறாது. நீர் சைலன்சரிலும் ஒயிலிலும் தங்கிவிடும். கிண்ணத்தில் மறுபடி பெற்றோல் நிறைந்து, தேங்கலும் புதிதாகத் தொடங்கும். அதோடு, மழை நாளில் அதை வெளியே கொண்டுபோகச் சோம்பி விறாந்தையிலோ குசினியிலோ ஓட்டுவார்கள். காபனோரொட்சைட்டுக்கு வாடை கிடையாது. ஆளைக் கொல்ல அது அதிக நேரம் எடுப்பதுமில்லை.

ஆனாலும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை உண்டு. நெடுங்காலம் ஓடாத ஜெனரேட்டரில் மின்சுருளின் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தம் மங்கிவிடலாம். எஞ்சின் ஓடும், கரண்ட் வராது. எனவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்த முற்றத்தில் வைத்து, புதுப் பெற்றோல் கொஞ்சம் ஊற்றி, ஸ்திரிக்கைப் பெட்டி போன்ற ஒரு சுமையை மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, முன்போலவே முழுவதும் வடித்து வைக்க வேண்டும்.

நகரத்து மருந்தகங்களும் சிறிய கிளினிக்குகளும் இதை வீடுகளைவிடக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். இன்சுலினும் தடுப்பூசியும் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக் வரும்வரை காத்திருக்காது. கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கட்டும்: பெற்றோல் வடித்த தேதி, ஒயில் மாற்றிய தேதி, துணிப்பந்து சைலன்சரில் இருக்கிறது என்ற குறிப்பு. கட்டி வைத்தவர் ஒருவராகவும், இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுப்பவர் அன்று இரவு வேலைக்கு வந்த வேறொருவராகவும் இருக்கலாம்.