இடுக்குச் சாந்தின் நிறம்

மலையக வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவன பெரும்பாலும் எண்ணிக்கைகளே. 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதுவும் எண்ணிக்கைதான். வீடு கைக்கு வந்தபின் மனிதர்கள் அதில் என்ன செய்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

டிக்கோயாப் பக்கம் அத்தகையதொரு வீட்டில் குடியிருக்கும் என் அக்காவின் மகன் கொழும்பிலே டைல் பதிக்கும் தொழில் செய்பவர். வேலைத்தளங்களில் எஞ்சிய உடைந்த டைல்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, வீட்டு வாசற்படியில் பூ வேலைப்பாடு ஒன்றைப் பதித்திருக்கிறார். நான் சில்லுகளின் அழகைச் சொன்னபோது, "சில்லத்தான் எல்லாரும் பாக்குறாங்க மாமா, நடுவுல இருக்கிற சாந்த யாரும் பாக்குறதில்ல" என்றார். டைல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை நிரப்பும் 'கிரவுட்' என்னும் சாந்தைத்தான் சொன்னார்.

பதிக்கும் முன்னர் நான்கு சிறு பலகைகளில் ஒரே வகைச் சில்லுகளை ஒட்டி, நான்கு நிறச் சாந்துகளால் நிரப்பிப் பார்த்திருக்கிறார். அவற்றை எனக்கும் காட்டினார். வெள்ளைச் சாந்தில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே சிதறித் தெரிந்தது. மஞ்சளும் இளநீலமும் வெளிறிப்போயின. கறுப்பில் அதே நிறங்கள் விளக்கேற்றியதுபோல் எழுந்து நின்றன. செம்மண் நிறச் சாந்து சிவப்புச் சில்லுகளைத் தன்னுள் இழுத்துக்கொண்டதால், இதழ்களின் விளிம்பே மறைந்துவிட்டது. சாம்பல் நிறம் எதையும் உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. சில்லுகள் ஒன்றே, படங்கள் நான்கு.

கண்ணுக்குப் பிடித்தது கறுப்புத்தான். ஆயினும் அவர் தேர்ந்தது கருஞ்சாம்பல். காரணம் நமது மலைநாட்டு மழை. சீமெந்திலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து வெண்படலமாகப் படியும். உப்புப் பூத்தது என்போம். உண்மையில் அது சுண்ணாம்பு. குளிரும் ஈரமும் மிகுந்த இடங்களில் இது அதிகம். கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். வெள்ளையோ, கொழுந்துமலையிலிருந்து வரும் கால்களின் செம்மண்ணை ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

நிறம் சேர்ப்பதிலும் நுட்பமுண்டு. இரும்பு ஒட்சைட்டுப் பொடிகள் வெயிலுக்கும் சீமெந்தின் காரத்துக்கும் அசையாதவை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் அவற்றிலேயே கிடைக்கும். கோலப்பொடியின் சாயங்களைக் கலந்தால் விரைவில் வெளுத்துவிடும். பொடி, சீமெந்தின் எடையில் பத்திலொரு பங்கைத் தாண்டினால் சாந்து வலுவிழக்கும். இளநிறங்களுக்கு வெள்ளைச் சீமெந்தே வேண்டும். சாதாரணச் சீமெந்து அவற்றை அழுக்காக்கிவிடும். முழு வேலைக்கும் தேவையான பொடியை ஒரேயடியாக உலர்நிலையில் கலந்துவைப்பது நல்லது; இரண்டாம் முறை கலப்பது முதல் நிறத்தோடு ஒருபோதும் பொருந்துவதில்லை. உடைந்த சில்லுகளின் இடுக்குகள் அகலமாக இருப்பதால், 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கு நுண்மணல் கலந்த சாந்து வேண்டும், இல்லையேல் வெடிக்கும். தண்ணீர் கூடினாலும், துடைக்கும் பஞ்சில் ஈரம் மிகுந்தாலும் நிறம் திட்டுத்திட்டாகும். ஈரத்தில் தெரிவது இறுதி நிறமன்று, காய்ந்தால் வெளிறும். மாதிரிப் பலகைகளைச் சில நாள் உலரவிட்டுப் பார்ப்பது அதற்காகவே.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சண்டிகரின் நேக் சந்த் நினைவுக்கு வந்தார். பிரிவினையில் ஊரிழந்து வந்து, வீதிப் பரிசோதகராக வேலை பார்த்தவர். உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளைக் கொண்டு, அரசாங்கக் காணியொன்றில் பல ஆண்டுகள் இரகசியமாகச் சிற்பத் தோட்டமொன்றை உருவாக்கினார். அது கண்டுபிடிக்கப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டிருக்கலாம். ஆனால் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் சில்லுப் பதிக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் துணிவும், அதற்குக் கிடைத்த அதிர்ஷ்டமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தோட்டங்களில் இன்னும் பெருந்தொகையானோர் 10க்கு 12 அடி லயக் காம்பராக்களிலேயே வாழ்கிறார்கள். இஸ்தோப்பைச் சாணமிட்டு மெழுகுவார்கள், கோலமிடுவார்கள், தகர டின்களில் பூச்செடி வளர்ப்பார்கள். எல்லாம் அழகுதான், எல்லாம் அழித்துவிடவோ எடுத்துச் செல்லவோ கூடியவை. சாந்து குழைத்து ஒரு பூவைத் தரையில் நிரந்தரமாகப் பதிப்பதற்கு, நாளை இங்கேதான் இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயத்தைத் தருவது வீடு மட்டுமன்று, காணி உறுதியும்தான். எத்தனை வீடுகள் என்று எழுதும் நாங்கள், எத்தனை பேர் கையில் உறுதி இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.