கல்முனைக் கரையில் இறங்குங்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ-4 நெடுஞ்சாலை பொத்துவிலில் கடலோரத்தை அடைகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை என்று ஊர்களைத் தொடுத்துக்கொண்டு மட்டக்களப்பு வரை போகிறது. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை இந்தச் சாலையின் பஸ்களில் முதுகுப்பையோடு ஏறும் வெளிநாட்டு இளைஞர்கள் தேடி வருவது பொத்துவிலை ஒட்டிய அறுகம்பையின் அலைகளை. காலையில் அலைச்சறுக்கு, வெயில் தாழ்ந்ததும் காட்டுக்குள் ஒரு பழைய விகாரை, அந்தியில் குளக்கரையில் யானைகள். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் அவர்கள் தேடிப்போவதெல்லாம் இங்கே அம்பாறை என்ற ஒரு மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே போகிறவர்களுக்குக் கல்முனை, பஸ் ஐந்து நிமிடம் நிற்கும் இடம். இறங்குகிறவர்கள் குறைவு.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். கல்முனையில் பிறந்து, வளைகுடா நாடுகளில் உழைத்து, விடுமுறைக்கு மலேசியாவும் தாய்லாந்தும் போய்வரும் நம் இளைஞர்களில் பலர், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எட்டக்கூடிய, லகுகலைக் காட்டிலுள்ள மகுல் மகா விகாரையின் படிகளில் கால் வைத்ததில்லை. கரையைப் பார்க்காமல் காட்டுக்குப் போகிறவரும், காட்டைப் பார்க்காமல் கரையில் வாழ்கிறவரும் ஒரே வரலாற்றின் பாதியைத்தான் அறிகிறார்கள். கல்முனையை அறிமுகப்படுத்துவதென்றால் இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஊர்களின் வரிசை

அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இல். மாவட்டத் தலைநகர் உள்நாட்டில் இருந்தாலும், கரையோரத்தின் கடைத்தெரு கல்முனைதான். வடக்கே பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று இறங்கும்போது ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவதை வீடுகளை வைத்துச் சொல்லமுடியாது. பள்ளிவாசலின் பாங்கு கேட்கும் தூரத்திலேயே கோவில் மணியும் கேட்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைக்கதவுகள் இறங்கும். ஜும்ஆ முடிந்ததும் மறுபடி தெரு நிறையும்.

கடற்கரையில் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்த இந்தப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கும். சற்று வடக்கே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில், பாரதக் கதையைப் பதினெட்டு நாள் நிகழ்த்திக் காட்டித் தீ மிதிப்பார்கள். காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். ‘யாழ் நூல்’ எழுதிய அவரைத் தமிழ்நாட்டவரும் அறிவார்கள். மொழியியலாளரும் கவிஞருமான எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடிக்காரர். நீலாவணன் பெரியநீலாவணைக் கவிஞர். இத்தனை சிறிய நிலத்தில் இவ்வளவு தமிழ் விளைந்திருக்கிறது.

மருதமுனைக்குள் நடந்தால் தறிச்சத்தம் கேட்கும். சாரமும் சேலையும் இங்கே கைத்தறியில் நெய்யப்படுகின்றன. நெசவாளர் காலால் மிதியை அழுத்த, பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். உடனே பலகை வந்து இழையை இறுக்கும். ஒரு விரற்கடைத் துணிக்கு இது எத்தனை முறை நடக்கவேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் சாரத்துக்கு விலை பேசமாட்டார்.

முஸ்லிம்களும் தமிழர்களும் வேறு வேறு பள்ளிக்கும் கோவிலுக்கும் போனாலும் குடும்பம் கட்டும் முறை ஒன்று. குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் வரும். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்து, 2008இல் வந்த நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரே வேரில் கிளைத்த இந்தச் சமூகங்களுக்கிடையே இரத்தமும் சிந்தியிருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது 1990இல் நடந்த கொலைகளும் கடத்தல்களும் இரு பக்கத்திலும் இன்னும் ஆறவில்லை. கல்முனையின் பிரதேச செயலக எல்லை பற்றிய சண்டையும் தீரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. 10,000 பேருக்கு மேல் போனார்கள். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உறவு ஒன்றையாவது இழக்காத குடும்பத்தைக் காண்பது அரிது.

அதே கடலில்தான் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். விடியலில் வலைக் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் கொடுத்துவிட்டு, தோணி கடலுக்குள் அரைவட்டமடித்து மறுநுனியோடு திரும்பும். இரண்டு வரிசையாக நின்று, கயிற்றை இடுப்போடு அணைத்துப் பின்னோக்கி நடப்பார்கள். வரிசையின் கடைசியில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து தண்ணீர் விளிம்பில் மறுபடி பிடிப்பார். மடி கரையேறும்போது நெத்தலியும் கீரியும் சூடையும் பாரையும் துள்ளும். மீன் பங்கு பிரியும்போது வேடிக்கை பார்த்து நிற்கும் வெளியூர்ப் பையனைப் பார்த்து, “இரிங்க மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்பார் ஒரு பெரியவர். அந்த அழைப்பை மறுக்காதீர்கள்.

கரையிலிருந்து காட்டுக்கு

இந்தக் கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வழி போட்டவர்களில் முஸ்லிம் வணிகர்களும் உண்டு. மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி, தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசையாகக் காட்டுப்பாதையில் மலைநாட்டுக்குப் போய், பாக்கோடு திரும்புவார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. பௌத்த அரசன் ஒருவன் காட்டிய நிலத்தில் வேர்விட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அந்தத் தவளப் பாதையில் பை தூக்கிப் போவது நமக்குப் புதிய பழக்கமல்ல.

கல்முனையிலிருந்து தென்மேற்கே, வயல்களுக்கு நடுவே தீகவாபித் தாதுகோபம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியதாக மகாவம்ச மரபு சொல்லும் அந்தச் செங்கல் மேட்டைச் சுற்றி முஸ்லிம் விவசாயிகளின் வயல்களும் உண்டு. அம்பாறைக்கு வடக்கே ராஜகல மலைக்காடு முழுவதும் நூற்றுக்கணக்கான கட்டட எச்சங்கள். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் பெயர் பொறித்த பழங்கல்வெட்டு அங்கே இருக்கிறது.

தெற்கே, பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் லகுகலைக் காட்டுக்குள் மகுல் மகா விகாரை. காவந்தீச மன்னனுக்கும் விகாரமகாதேவிக்கும் திருமணம் நடந்த இடம் என்பது ஊர்க்கதை. கல்வெட்டு சொல்வதோ வேறு: இரண்டு பராக்கிரமபாகு சகோதரர்களின் அரசியான இன்னொரு விகாரமகாதேவி 14ஆம் நூற்றாண்டில் இதைப் புதுப்பித்தாள். இங்கே படிக்கட்டின் அடியில் பதித்திருக்கும் சந்திரவட்டக்கல்லின் அருகில் குனிந்து பாருங்கள். அநுராதபுரத்துக் கற்களில் யானைகள் தனியே நடக்கும்; இங்கே யானையின் மேல் பாகன் உட்கார்ந்திருக்கிறான். யானை பிடிப்பதில் பேர்போன ஏறாவூர் முஸ்லிம் பணிக்கர்களின் மண்ணுக்கு இது அந்நியமான சிற்பமல்ல. வறண்ட மாதங்களில் பக்கத்து லகுகலைக் குளத்துக்குக் காட்டு யானைகள் கூட்டமாகப் புல் மேய வரும்.

பாணமையைத் தாண்டினால் குடும்பிகல. துறவிகள் தவமிருந்த குகைகளும், பாறை உச்சியில் ஒரு சிறு தாதுகோபமும். மேலிருந்து ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் எல்லையில்லாத காடு. அப்பால் உகந்தை முருகன் கோவில். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாக வரும் அடியார்கள் இங்கே கூடி, கூமுனைக் காட்டுக்குள் நுழைந்து கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். அங்கே முருகன் கோவிலும் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. உலகத்தின் முதுகுப்பைக்காரர்கள் பிறப்பதற்கு முன்பே நம்மவர் நடந்த தடம் அது.

கல் யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு இருந்தும் நம்மவர் ஏன் போவதில்லை? தூரம் காரணமல்ல. தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே காணி போய்விடுமோ என்ற பயம் வருகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பொத்துவில் கடற்கரையின் முகுது மகா விகாரையைச் சுற்றிய காணிகள் பற்றி அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் கொண்ட அச்சம் நியாயமானது. பழைய கல் ஒன்று எல்லைக்கல்லாக மாற்றப்படும்போது, பக்கத்தில் வாழ்பவர் அதை வெறுக்கத் தொடங்குவார். அது கல்லுக்கும் கேடு, மனிதருக்கும் கேடு.

தென்கிழக்காசியாவைப் பாருங்கள். வியட்நாமின் மீ சோன் காட்டுக் கோவில்கள் 1999இலிருந்து உலக மரபுரிமைச் சின்னம். சிவனுக்காக அவற்றைக் கட்டிய சம்பா நாட்டவரின் வழித்தோன்றல்களில் பெரும்பகுதியினர் இன்று முஸ்லிம்கள். கம்போடியாவில் மீக்கோங் ஆற்றோரம் மீன்பிடித்து வாழ்பவர்களும் அவர்களில் உண்டு. மதம் மாறும், மொழி மாறும், அரசு மாறும். இடிபாடு அதே மண்ணில் அங்கு வாழும் எல்லோருடைய பொறுப்பாகவும் நிற்கும்.

ஆகவே வெளியூர்ப் பயணிக்கு ஒரு வேண்டுகோள்: கல்முனையில் ஒரு இரவாவது தங்குங்கள். மருதமுனையில் ஒரு சாரம் வாங்குங்கள், சட்டியில் எருமைத் தயிர் சாப்பிடுங்கள், விடியலில் கரைவலை பாருங்கள், பிறகு தெற்கே போங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை இங்கே அடைமழை. அதற்கு முன்னால் வாருங்கள். பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் விகாரைக்கும் போகும்போது உடம்பை மூடும் உடை அணியுங்கள்.

நம் பாடசாலை ஆசிரியர்களுக்கு இன்னொன்று: அடுத்த சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும்போது நுவரெலியாவை விட்டுவிடுங்கள். பிள்ளைகளை மகுல் மகா விகாரைக்குக் கூட்டிப்போய் அந்தப் பாகனைக் காட்டுங்கள். உள்நாட்டுச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளைக் கடற்கரைப் பள்ளிக்கு அழையுங்கள். தொல்லியல் அறிவிப்புப் பலகைகளில் பிழையில்லாத தமிழ் வேண்டும் என்று கேளுங்கள். முடிவெடுக்கும் குழுக்களில் நமக்கு இடம் வேண்டும் என்றும் கேளுங்கள். காணியை இழக்காமல் வரலாற்றையும் இழக்காமல் வாழ இந்தக் கரைக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்கிறவர், முதலில் அந்தக் காட்டைத் தன் காலால் நடந்து பார்த்தவராக இருக்கவேண்டும்.